மார்கழிக் காற்று: கருங்குழி வட்டாரத்தில் பருவமும் காற்றின் தரமும்

மார்கழி, தை மாதங்களில் கருங்குழி வட்டாரத்தில் பொழுது விடியும் வேளையில் காற்று அசைவற்று நிற்கும். ஏரிக்கரை ஓரத்து வீட்டில் மூட்டிய விறகடுப்பின் புகை கொஞ்ச தூரம் நேராக ஏறும். பனைமர உயரத்தைத் தாண்டுவதற்குள் எதிலோ முட்டியதுபோல் நின்று, பலகையாகப் படுத்து, வயல்மேல் பரவும். ஜிஎஸ்டி சாலையில் போகும் லாரிகளின் முன்விளக்கு வெளிச்சம் அந்தப் படலத்துக்குள் மங்கித் தெரியும். எட்டரை, ஒன்பது மணிக்கு வெயில் உறைத்ததும் படலம் கலையும்; புகை மறுபடி மேலே ஏறத் தொடங்கும். சித்திரை, வைகாசியில் இந்தக் காட்சி இல்லை. அடுப்பும் லாரியும் அப்போதும் இருக்கின்றன.

ஆண்டு முழுவதும் புகை எழும் ஓர் ஊரில் சில மாதங்களில் மட்டும், அதிலும் சில மணி நேரங்களில் மட்டும், காற்று கெடுவது ஏன் என்ற கேள்வி புதிதன்று. நிலத்தின் அமைப்பு, பருவம், உள்ளூர்ப் புகை, தொலைவிலிருந்து வரும் மாசு, கடலின் செல்வாக்கு என்று பல விடைகள் சொல்லப்பட்டிருக்கின்றன. மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு ஊர்களை வைத்தே இந்த விவாதத்தின் பெரும்பகுதி நடந்தது. கருங்குழி பள்ளத்தாக்கு ஊர் அன்று. இருந்தும் அங்கே கண்டறியப்பட்ட விதிகள் இங்கே எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதைப் பார்ப்பது, கேள்வியைத் தெளிவாக்கிக்கொள்ள நல்ல வழி.

நிலமும் பருவமும்

கருங்குழி செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. சென்னையையும் திருச்சியையும் இணைக்கும் ஜிஎஸ்டி நெடுஞ்சாலையும், செங்கல்பட்டு - விழுப்புரம் ரயில் பாதையும் இதன் வழியே செல்கின்றன. (வள்ளலார் வாழ்ந்த கருங்குழி வடலூருக்கு அருகே உள்ளது, பெயர் ஒன்று, ஊர் வேறு.) கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டர் கச்சேரி சில காலம் இங்கே இருந்தது. வடக்கே பாலாறு, தெற்கே மதுராந்தகம் ஏரி, மேற்கே வேடந்தாங்கல். கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் கல்பாக்கம் கடற்கரை. செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், அச்சிறுபாக்கம் பக்கங்களில் தனித்தனிக் குன்றுகள் உண்டு. ஆனால் ஊரைச் சுற்றி வளைத்து அடைக்கும் மலைத்தொடர் இல்லை. சமவெளி, ஏரி, வயல், இடையிடையே பாறைக் குன்று: தொண்டை நாட்டின் பழகிய நில அமைப்பு இதுதான்.

பழந்தமிழர் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்தனர். ஆவணியில் தொடங்கும் கார், ஐப்பசியில் தொடங்கும் கூதிர், மார்கழி, தை அடங்கிய முன்பனி, மாசி, பங்குனி அடங்கிய பின்பனி, பிறகு இளவேனில், முதுவேனில். காற்றுக்கும் திசைவாரியாகப் பெயரிட்டனர்: வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், தெற்கிலிருந்து தென்றல், மேற்கிலிருந்து கோடை. காற்றின் தரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இந்தப் பகுப்பு இன்றும் பயன்படும். கடலோரத் தொண்டை நாட்டில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. மழை ஓய்ந்ததும் வரும் முன்பனிக் காலத்தில் வானம் தெளிவாகிறது, காற்று தணிகிறது, தரையில் ஈரம் நிறைந்திருக்கிறது. காற்று கெடுவதற்கான மூன்று நிபந்தனைகளும் ஒன்றாகக் கூடும் காலம் அதுவே.

முதல் விடை: இடத்தின் குணம்

காற்றின் நன்மையும் தீமையும் இடத்தைப் பொறுத்தவை என்பது மிகப் பழைய கருத்து. 19ஆம் நூற்றாண்டில் அது மருத்துவக் கொள்கையாகவே நிலவியது. சதுப்பிலும் தேங்கிய நீரிலும் எழும் கெட்ட ஆவி காய்ச்சலைத் தருகிறது, உயரமான இடத்துக் காற்று அதைப் போக்குகிறது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினர். 1819இல் நீலகிரிக்குச் சென்ற கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன், உதகமண்டலம் ஊராக வளரக் காரணமானார். படைவீரர்கள் உடல் தேறும் இடம் என்பதே அந்த ஊருக்குத் தொடக்கத்தில் கிடைத்த பெயர். மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்பதற்கான சான்றை ரொனால்ட் ராஸ் 1897இல் கண்டறிந்தபின் கெட்ட ஆவிக் கொள்கை சரிந்தது. மலைக்காற்றின் புகழ் மட்டும் சரியவில்லை.

அந்தப் புகழின் இன்னொரு வடிவம் செங்கல்பட்டுச் சீமையிலும் உண்டு. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் காசநோய் மருத்துவமனை நடத்தி, அங்கே கணித மேதை ராமானுஜனுக்கும் சிகிச்சை அளித்த டாக்டர் சௌரி முத்து, 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். நல்ல காற்று, வெயில், ஓய்வு, சத்துணவு என்பதே அப்போதைய சிகிச்சை. நகரத்து நெரிசலுக்கு வெளியே குன்றுகளின் அருகே திறந்த வெளியாக இருந்த தாம்பரம் அதற்கு ஏற்ற இடமாகக் கருதப்பட்டது. இன்று தாம்பரம் மாநகராட்சி. மருத்துவமனை வளாகத்துக்கு அருகே நாள் முழுவதும் வாகனங்கள் ஓடுகின்றன. இடத்தின் குணம் நிலையானது என்ற கருத்தின் குறையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

இந்தக் கருத்தின் மிச்சம் ஒன்று தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் உயிர்பெறுகிறது. மார்கழி அதிகாலையில் ஓசோன் மிகுந்திருக்கும், அதைச் சுவாசிப்பது உடலுக்கு நல்லது, அதனால்தான் முன்னோர் அந்த வேளையில் கோலமிடவும் கோயிலுக்குப் போகவும் வைத்தார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். வழக்கத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை. விளக்கம்தான் தவறு. தரையை ஒட்டிய ஓசோன், வாகனப் புகையிலும் பிறவற்றிலும் உள்ள வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதால் உண்டாகிறது. ஆகவே அது பிற்பகலில் மிகுந்து, விடியற்காலையில் பொதுவாக மிகக் குறைந்திருக்கும். மிகுந்தாலும் நன்மை இல்லை. ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு. இந்தியத் தரநிலை அதற்கு எட்டு மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று வரம்பு விதித்திருப்பதும் அதனால்தான். புவியைப் புற ஊதாக் கதிரிலிருந்து காக்கும் ஓசோன் படலம் பல கிலோமீட்டர் உயரத்தில் இருப்பது. அதிகாலை எழுபவரின் மூச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இந்த நம்பிக்கையின் ஊற்று 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவாக இருக்கக்கூடும். 1839-40இல் ஷோன்பைன் ஓசோனைக் கண்டறிந்து பெயரிட்டபின், மலைக்காற்றும் கடற்காற்றும் ஓசோன் நிறைந்தவை, ஆகையால் ஆரோக்கியமானவை என்று அங்கே ஓய்வூர்கள் விளம்பரம் செய்தன. மாவடுவும் மஞ்சளும்போல நம்முடையது என்று எண்ணப்படும் கருத்து உண்மையில் வெளியிலிருந்து வந்து, அங்கே கைவிடப்பட்டபின் இங்கே தங்கிவிட்டதாகத் தோன்றுகிறது. இதைத் திருத்துவது அவசியம். நுண்துகள் மிகுந்திருக்கும் வேளையையே நல்ல வேளை என்று ஆஸ்துமா உள்ள முதியவர் நம்பி வெளியே நடக்கக் கூடாது.

இரண்டாம் விடை: வானிலையே காரணம்

காற்றை வானிலை எப்படி அடைத்து வைக்கிறது என்பது இன்று நன்கு தெரியும். பகலில் தரை சூடாகி, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே எழுகிறது. உயரம் கூடக் கூட வெப்பநிலை குறைவது இயல்பு. சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி. இந்த நிலையில் புகை தடையின்றி ஏறிக் கலைந்துபோகும். தெளிந்த முன்பனி இரவில் தரை தன் வெப்பத்தை வானுக்கு இழந்து விரைவாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. அதற்கு மேலே உள்ள காற்றோ அவ்வளவு குளிர்வதில்லை. கீழே குளிர்காற்று, மேலே இளஞ்சூட்டுக் காற்று என்று அடுக்கு தலைகீழாகிறது. கனத்த குளிர்காற்று தானாக மேலேற முடியாது. மேலுள்ள அடுக்கு பானைக்கு மூடிபோல் அமைகிறது. பகலில் ஒரு கிலோமீட்டர் உயரம்வரை கலக்கும் காற்று, அத்தகைய இரவில் சில நூறு மீட்டருக்குள், சில வேளை அதற்கும் குறைவாக, ஒடுங்கிவிடுகிறது. அதே புகை, சிறிய பானை. விடிந்து தரை சூடேறியபின்தான் மூடி திறக்கும்.

மலைப் பள்ளத்தாக்கில் இதன் வேகம் கூடுதல். சரிவுகளில் குளிரும் காற்று நீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உதகையில் உறைபனி தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்ந்த இடங்களில் முதலில் விழுவதற்கு இதுவே காரணம். உறைபனி படியும் பள்ளம் புகையும் படியும் பள்ளம் என்பதால், மலையூர் என்றாலே தூய காற்று என்ற எண்ணம் இங்கே மறுக்கப்படுகிறது. உயரம் தூய்மையைத் தரலாம், பள்ளம் அதைப் பறிக்கலாம். உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வாகனங்களுக்கு 2024 மே மாதம் முதல் இ-பாஸ் கட்டாயமாக்கிய சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு, மலைகள் எத்தனை வாகனங்களைத் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து பிறந்தது.

இந்த விடைக்கு வலுச் சேர்த்தவை இரண்டு துயரங்கள். 1930 டிசம்பர் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் மியூஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் மூடுபனிக்குள் ஆலைப்புகை தேங்கி 60க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 1948 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், மனோங்கஹேலா ஆற்று வளைவில் குன்றுகளுக்கிடையே இருந்த டொனோரா என்னும் சிற்றூரில் 20 பேர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றனர். அங்கே துத்தநாக ஆலையும் எஃகு ஆலையும் இருந்தன. ஆலை நிறுவனம், நேர்ந்தது வழக்கத்துக்கு மாறான வானிலையால் வந்த இயற்கைச் செயல் என்று வாதிட்டது.

அந்த வாதத்திலேயே இந்த விடையின் பலவீனமும் வெளிப்படுகிறது. தலைகீழ் அடுக்கு உலகின் எல்லாப் பள்ளத்தாக்குகளிலும், கருங்குழி போன்ற சமவெளிகளிலும், தெளிந்த இரவுதோறும் ஏற்படுகிறது. ஆலை இல்லாத பள்ளத்தாக்குகளில் அது வெறும் பனிமூட்டம். யாரும் சாவதில்லை. எப்போது, எத்தனை மணிக்குக் காற்று கெடும் என்பதை வானிலை மிக நன்றாக விளக்குகிறது. எதனால் கெடுகிறது என்பதை விளக்குவதில்லை.

மூன்றாம் விடை: உள்ளூர்ப் புகை

கருங்குழி வட்டாரத்தில் புகைக்கும் புழுதிக்கும் ஊற்றுகள் பல. நெடுஞ்சாலையின் டீசல் வாகனங்கள் நாள் முழுவதும் ஓடுகின்றன. 2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 என்னும் வாகனப் புகைத் தரம் நாடு முழுவதும் வந்தபின் புதிய வண்டிகளின் புகை குறைந்தது. பழைய லாரிகள் இன்னும் சாலையில் இருக்கின்றன. பொங்கலுக்குச் சென்னையிலிருந்து தெற்கே செல்லும் வாகன வெள்ளம், காற்று மிக மந்தமாக இருக்கும் அதே வாரத்தில் இந்தச் சாலையில் ஊர்ந்து போகிறது. வட்டாரத்துக் கருங்கல் குவாரிகளும் ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் எழுப்புவது புகையன்று, கல்தூள். மழை ஓய்ந்து மண் காய்ந்தபின் செங்கல் சூளைகள் எரியத் தொடங்கும். பக்கத்திலுள்ள படாளத்தில் மதுராந்தகம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டும் காலத்தில் கொல்லையில் மிஞ்சும் சோகையைக் கொளுத்துவதும் உண்டு. கடைசியாக, எல்லா ஊருக்கும் பொதுவான குப்பை: தெருமுனையில், ஏரிக்கரையில், சாலையோரப் பள்ளத்தில் எரியும் பிளாஸ்டிக் கலந்த குவியல்.

இந்த விடைக்கு மிகத் தெளிவான சான்று போகி. மார்கழியின் கடைசி நாள் விடியலில், அதாவது மூடி மிகத் தாழ்ந்திருக்கும் வேளையில், சென்னையிலும் சுற்று மாவட்டங்களிலும் பழைய பொருள்கள் எரிக்கப்படுகின்றன. 2018 ஜனவரி 13 அன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கம் விமான நிலையத்தில் ஓடுபாதை தெரியாமல் போயிற்று. பல விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. பாய், துடைப்பம், ஓலை என்று மட்கும் பொருள்கள் எரிந்த காலத்துப் போகிக்கும், டயரும் டியூபும் நெகிழியும் எரியும் போகிக்கும் வேறுபாடு பெரிது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் போகிக்கு முன் டயர் எரிக்க வேண்டாம் என்று வேண்டுகோள் விடுப்பது இதனால்தான்.

தீபாவளியோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். தீபாவளி ஐப்பசியில், பருவமழைக் காலத்தில் வருகிறது. மழை பெய்த ஆண்டில் பட்டாசுப் புகை சில மணி நேரத்தில் அடங்குகிறது. மழை இடைவெளிவிட்டுக் காற்றும் ஓய்ந்த ஆண்டில் மறுநாள் காலைவரை நிற்கிறது. புகையை மூட்டுபவர் மனிதர், அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது பருவம். இரண்டையும் பிரித்துப் பேசுவது கடினம் என்பதற்கு இதுவே சான்று.

பிளாஸ்டிக் கலந்த குப்பை எரிவதைப் பற்றி ஒரு முக்கியமான கண்டுபிடிப்பு உண்டு. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் தலைமையில் 2021இல் வெளியான ஆய்வு, தில்லியின் குளிர்காலக் காற்றில் குளோரைடு மிகுந்திருப்பதையும், அது நுண்துகள்களை ஈரம் உறிஞ்சிப் பருக்கவைத்து மூடுபனியை அடர்த்தியாக்குவதையும் காட்டியது. பிளாஸ்டிக் கழிவுகளை எரிப்பது அந்தக் குளோரைடின் ஊற்றுகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. தொண்டை நாட்டுக் கடற்கரைக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது; இங்கே கடல் உப்பிலிருந்தும் குளோரைடு வருகிறது. ஆயினும் பனியும் புகையும் வெவ்வேறு என்று பிரித்து, பனியை இயற்கைக்கும் புகையை மனிதருக்கும் ஒதுக்கும் பழக்கத்தை இது கேள்விக்குள்ளாக்குகிறது. புகையே பனியை வளர்க்கக்கூடும்.

இந்த மூன்றாம் விடைக்கும் குறை உண்டு. எந்த ஊற்றின் பங்கு எவ்வளவு என்பது எளிதில் பிடிபடுவதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சென்னை உட்பட ஆறு நகரங்களில் செய்த மூலப் பங்கீட்டு ஆய்வு, பெருந்துகள்களில் சாலைப் புழுதிக்கு முக்கியப் பங்கு இருப்பதைக் காட்டியது. பெருநகரத்தின் கணக்கைப் பேரூராட்சிக்கு எடுத்துவருவது சரியாகாது. கருங்குழியில் நெடுஞ்சாலைக்கு நூறு மீட்டர் தள்ளி அளந்தாலும், ஏரிக்கரையில் அளந்தாலும், கிரஷரின் கீழ்க்காற்றுப் பக்கம் அளந்தாலும் மூன்று வேறு ஊர்களை அளந்ததுபோல் விடை வரும்.

நான்காம் விடை: தொலைவிலிருந்து வருவது

1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டம் இந்த விவாதத்தின் எல்லையை விரித்தது. தமிழ்நாட்டில் பிறந்த அறிவியலர் வீ. ராமநாதனும் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சனும் முன்னின்று நடத்திய அந்த ஆய்வு, குளிர்காலத்தில் தெற்காசியாவிலிருந்து கிளம்பும் பழுப்புப் புகைப்படலம் வடக்கு இந்தியப் பெருங்கடல்மேல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரவுவதைக் காட்டியது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கங்கைச் சமவெளியின் புகையை வங்கக்கடலுக்கு இழுத்துவந்து, அங்கிருந்து சோழமண்டலக் கடற்கரைக்குள் நுழையவும் செய்யலாம். அப்படியானால் வாடைக்காற்று குளிரோடு வடநாட்டுப் புகையையும் கொண்டுவருகிறது.

சில நாள்களுக்கு இந்த விளக்கம் பொருந்தும். சென்னையில் பண்டிகையோ வேறு நிகழ்வோ இல்லாமலே ஜனவரியில் வானம் பல நாள் மங்கியிருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் தொலைவிலிருந்து வரும் புகை ஒரு மாவட்டம் முழுவதையும் மெல்லிய சீலைபோல மூடும். காலை ஆறு மணிக்கு ஏறி ஒன்பது மணிக்கு இறங்காது. நாளுக்குள் ஏறியிறங்கும் அளவு உள்ளூர்ப் பங்கையும், நாள்கணக்கில் நகரும் அளவு வெளிப் பங்கையும் காட்டுவதாகக் கொள்வது, முழுமையானதில்லை என்றாலும், பயனுள்ள முதல் கணிப்பு. வெளியூர்ப் புகையைக் காட்டி உள்ளூர்க் குப்பைத் தீயை மறந்துவிடும் வசதி இந்த விடைக்குள் இருப்பதால் இதை எச்சரிக்கையோடுதான் கையாள வேண்டும்.

கடற்காற்று கழுவுகிறதா?

கடலோரத்துக்கு உரிய தனிக் கேள்வி இது. கோடை மாதங்களில் பிற்பகலில் கடற்காற்று எழுந்து உள்நாட்டுக்குள் பல பத்துக் கிலோமீட்டர் நுழைகிறது. கல்பாக்கத்தில் உள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், அணுமின் நிலையப் பாதுகாப்புக்காக, வானிலைக் கோபுரங்களாலும் ஒலியலைக் கருவிகளாலும் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறது. மாமல்லபுரம் கடற்கரையில் நண்பகலை ஒட்டி உணரப்படும் கடற்காற்று கருங்குழிக்கு வந்துசேரப் பொழுது கொஞ்சம் சாய வேண்டும். மேல்காற்று பலமாக இருக்கும் ஆனி, ஆடியில் அது தாமதமாகும், சில நாள் வராமலும் போகும்.

கடற்காற்று வந்தால் காற்று தூயதாகிவிடும் என்பது பொதுவான எண்ணம். கல்பாக்க ஆய்வுகள் தரும் படம் இன்னும் சிக்கலானது. குளிர்ந்த கடற்காற்று சூடான நிலத்தின்மேல் நுழையும்போது, கரையில் தொடங்கி உள்நாட்டை நோக்கி உயர்ந்துகொண்டே போகும் கலக்க அடுக்கு ஒன்று உருவாகிறது. அந்த அடுக்குக்கு மேலே சென்றுகொண்டிருந்த புகைபோக்கிப் புகை, ஓரிடத்தில் அடுக்கைத் தொட்டதும் திடீரெனத் தரைக்கு இழுக்கப்படலாம். இரவில் நிலக்காற்று கடலுக்குத் தள்ளிய மாசை மறுநாள் கடற்காற்றே திருப்பிக் கொண்டுவருவதும் உண்டு. மழையும் அப்படித்தான்: பெருந்துகள்களை நன்றாகக் கழுவும், மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதியை விட்டுவிடும். இத்தனைக்குப் பிறகும், கோடையில் இந்தக் கடற்கரை மாவட்டங்களின் நுண்துகள் அளவு முன்பனிக் காலத்தைவிடப் பொதுவாகக் குறைந்திருப்பதில் கடற்காற்றுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை.

2020 மார்ச் 25இல் தொடங்கிய கொரோனா ஊரடங்கின்போது வானம் தெளிந்ததை, வாகனத்தையும் ஆலையையும் நிறுத்தினால் காற்று தூயதாகும் என்பதற்குச் சான்றாகக் காட்டுவர். தமிழ்நாட்டுக் கடற்கரையைப் பொறுத்தவரை பங்குனி, சித்திரை எப்படியும் காற்றோட்டம் மிகும் காலம். ஊரடங்கு மார்கழியில் வந்திருந்தால் சோதனை கடுமையாக இருந்திருக்கும்.

எந்த அளவுகோலால் அளப்பது?

நல்ல காற்று எது என்பதிலேயே ஒருமித்த விடை இல்லை. இரண்டரை மைக்ரோமீட்டருக்குட்பட்ட நுண்துகளுக்கு இந்தியா 2009இல் வகுத்த தரநிலை, 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், ஆண்டுச் சராசரியாக 40. உலக சுகாதார நிறுவனம் 2021இல் திருத்திய வழிகாட்டு அளவு முறையே 15, 5. இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 30 மைக்ரோகிராம்வரை ‘நல்லது’ என்று பச்சை நிறம் காட்டும். அதே நாள் உலக அளவுகோலில் வரம்பைப்போல் இருமடங்கு. கைப்பேசியில் பச்சையைப் பார்த்து நிம்மதி கொள்பவர் எந்த அளவுகோலை நம்புகிறோம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

ஈரம் இன்னொரு சிக்கல். ஒளிச்சிதறலைக் கொண்டு அளக்கும் மலிவான கருவிகள், ஈரக்காற்றை உலர்த்தாமல் உறிஞ்சினால், பனித்துளியையும் துகளாக எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும். மார்கழி விடியலில் இத்தகைய கருவி காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதற்காகப் பனிதான், புகை இல்லை என்று தள்ளிவிடவும் கூடாது. மூக்கே சில வேளை கருவியைவிட நேர்மையானது: வெறும் பனிக்குக் கரிந்த டயரின் வாடை வராது.

24 மணி நேரச் சராசரி என்ற முறைக்கும் இங்கே ஒரு குறை. காலை ஐந்து மணி முதல் எட்டு மணிவரை மட்டும் காற்று மோசமாக இருந்து, மீதி நேரம் சுமாராக இருந்தால், சராசரி அந்த மூன்று மணி நேரத்தை விழுங்கிவிடும். பால் கறப்பவர், நாற்றங்காலுக்குப் போகும் பெண்கள், சூளைத் தொழிலாளர், முதல் பஸ் பிடிக்கும் மாணவர்கள் ஆகியோர் மூச்சுவிடுவது அந்த மூன்று மணி நேரத்தில்தான்.

தெளிந்தவையும் திறந்திருப்பவையும்

முன்பனிக் காலத்தில் மூடி தாழ்வதால் காற்று கெடும் நேரமும் மாதமும் தீர்மானமாகின்றன என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிந்தது. மூடிக்குள் சேர்வது மனிதர் மூட்டும் புகையும் எழுப்பும் புழுதியும் என்பதும் அப்படியே. மலை சூழ்ந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை அன்று. மலை, மூடியை நீண்ட நேரம் நிற்கவைக்கிறது, அவ்வளவே. கருங்குழி போன்ற திறந்த சமவெளியில் மூடி நாள்தோறும் திறந்துவிடுகிறது. மியூஸ், டொனோரா போல நாள்கணக்கில் புகை தேங்கும் ஆபத்து இங்கே குறைவு. அதையே காற்று நல்லது என்பதற்கான சான்றாகக் கொள்ள முடியாது.

திறந்திருக்கும் கேள்விகள் மூன்று. வடநாட்டிலிருந்து கடல்வழி வரும் புகைக்கும் உள்ளூர்ப் புகைக்கும் உள்ள விகிதம் ஒன்று. கடல் உப்பும் குப்பைத் தீயின் குளோரைடும் சேர்ந்து இந்தக் கடற்கரையில் பனியை எந்த அளவுக்கு வளர்க்கின்றன என்பது மற்றொன்று. வெப்பம் கூடிவரும் காலத்தில் முன்பனியின் நீளமும் கடற்காற்றின் வலிமையும் எப்படி மாறும் என்பது மூன்றாவது. இவற்றுக்கு விடை கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத செயல்களும் உண்டு. குப்பையையும் டயரையும் எரிக்காதிருப்பதும், கிரஷர் புழுதியை நீர் தெளித்து அடக்குவதும், சோகையைக் கொளுத்தாமல் நிலத்திலேயே மட்கவிடுவதும் எந்த விடை சரியானாலும் பயன் தருபவை. தவிர்க்கவே முடியாமல் எதையேனும் எரிப்பதானால், விடியலில் எரிப்பதைவிட மூடி திறந்தபின் நண்பகலில் எரிப்பதால் கேடு குறையும்.

இவற்றை ஆராய முதலில் வேண்டியது அளவீடு. தேசியத் தரவுப் பலகையில் செங்கல்பட்டு என்ற பெயரில் வரும் எண், வண்டலூர்க் கிரசன்ட் பல்கலைக்கழக வளாகத்தில் அளக்கப்படுவது. கருங்குழி அங்கிருந்து தெற்கே 40 கிலோமீட்டருக்கு மேல்.